இடது பின் இருக்கை

முதலில் மலையை எடுத்தார்கள். வரிசை முக்கியம். வரிசையைக் குழப்புகிறவன் எதிராளிக்கு வேலை செய்து கொடுக்கிறான் என்று எத்தனையோ கூட்டங்களில் சொன்னவன் நான், அதனால் பட்டறை வாசலில் கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்கும் இந்த மத்தியானத்திலும் வரிசையை விடுவதாக இல்லை. முதலாவது, சாலமேட்டு மலையை ஊரைக் கேட்காமல் குத்தகைக்கு விட்டது. இரண்டாவது, கல் அறுக்கத் தொடங்கிய மறு கோடையில் சுனை நின்றது, நின்றதற்கும் அறுத்ததற்கும் சம்பந்தமில்லை என்று ஓர் அதிகாரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே சொல்லிவிட்டுப் போனது. மூன்றாவது, தூசி, கல் அறுத்தவர்கள் ஒவ்வொருவராக இருமத் தொடங்கியபோது அது பீடியால் வந்தது என்று முடித்துவிட்டது. நான்காவது, நியாயம் கேட்கப் போன எங்களை உட்காரவைத்து, டீ கொடுத்து, பெயரும் தகப்பன் பெயரும் ஊரும் விசாரித்துக்கொண்டது. அன்றைக்கு அது எங்களுக்கு மரியாதையாகத் தெரிந்தது. ஐந்தாவது, அந்தப் பெயர்களில் ஒன்றான அனுமந்தனை, எங்கள் கல்லுடைப்போர் சங்கத்தின் துணைச் செயலாளரை, பட்டப்பகலில் சந்தை ரோட்டில் ஒரு வெள்ளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது. ஆறாவது, அப்படி யாரையும் யாரும் ஏற்றவில்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னது. ஏழாவது, அவன் மனைவி மாதம்மாவை மனைவி என்றும் இருக்கவிடாமல் விதவை என்றும் ஆகவிடாமல் நடுவில் நிறுத்திவைத்தது. எட்டாவது போன வாரம் நடந்தது. அதைச் செய்தது குவாரிக்காரனோ போலீசோ இல்லை, என் சங்கம். மலைக்குப் போகும் வண்டியை உயர்த்திக் கட்டுவது என்று, நான் ஊரில் இல்லாத நாளில், செயற்குழுவில் தீர்மானம் போட்டார்கள்.

இதோ உயர்த்துகிறார்கள். பாலக்கோடு ரோட்டில் புளியமரத்துக்கு அடியில் தகரம் போட்ட அல்தாப் பாயின் பட்டறையில் எங்கள் பழைய வெள்ளை சுமோ நான்கு சக்கரமும் இல்லாமல் இரும்புத் தாங்கிகள்மேல் நிற்கிறது, ஆஸ்பத்திரியில் துணி மாற்றும்போது பார்க்கக்கூடாத ஒருவரைப் பார்த்துவிட்டது போல எனக்கு அதை நேராகப் பார்க்க முடியவில்லை, வயிற்றின் அடியில் எண்ணெயும் செம்மண்ணும் கலந்து பொருக்காகக் காய்ந்திருக்கிறது, அந்தப் பொருக்கு முழுவதும் சாலமேட்டு மண், ஒவ்வொரு வருடமும் ஒரு படலம். அல்தாப் பாய் கைகாரர்தான், ஆனால் வாய் கையைவிட வேலை செய்யும். காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். நாலு அங்குலம் ஏத்திடலாம் தலைவரே, மந்திரி வண்டி மாதிரி நிக்கும், டயரும் பெருசாப் போட்டா போலீஸ்காரனே சல்யூட் அடிப்பான் என்றார். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஒரு நூல் கூடக்கூடாது என்றேன். அவ்வளவு போதும், ஆமைக்கல்லைத் தாண்டினால் போதும். சொல்லிவிட்டு, ஏன் இரண்டு என்று சொன்னேன் என்று யோசித்தேன். இரண்டு போதாமல் போகட்டும் என்றா? அவர் உடனே ஒரு கம்பியை எடுத்துவந்து, ஆமைக்கல் எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கும் என்று டிரைவர் ஜடையனைக் கேட்டு, ஜடையன் தன் முழங்காலுக்குக் கீழே கையைவைத்துக் காட்ட, ரெண்டு அங்குலம் தாராளம் என்று சொல்லிவிட்டார். ஜடையன் என்னைப் பார்க்காமல் சிரித்தான். அவனும் செயற்குழுவில் கை தூக்கியவன்தான்.

ஆமைக்கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைமேல் எங்கள் நினைவுக்கல் இருக்கிறது, தூசியில் செத்தவர்களுக்கும் பாறை சரிந்து செத்தவர்களுக்கும் நாங்கள் நட்டது, வருடத்துக்கு ஒரு நாள் அங்கே கூடுவோம், நாளைக்கு அந்த நாள். பாதி வழியில் தடத்தின் நடுவில் ஒரு கல் ஆமை முதுகு மாதிரி எழும்பி நிற்கும். எங்கள் வண்டி அதன்மேல் வயிற்றைத் தேய்த்து நின்றுவிடும். எத்தனை முறை ஒதுக்கி ஓட்டினாலும் ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் சரிவு, திரும்பத் திரும்ப அந்தக் கல்லிடமே வந்து நிற்கும். எல்லோரும் இறங்கி அங்கிருந்து நடப்போம். நடப்பதும் ஒரு போராட்டம்தான் என்று நான் அதற்கும் ஒரு விளக்கம் கொடுத்திருந்தேன். கல்லைக் கம்பிபோட்டு உடைத்துவிடலாம், உடைக்கத் தெரிந்தவர்கள்தானே நாமெல்லாம் என்று ஒருமுறை யாரோ கேட்டார்கள். இந்த மலையில் நம் கையால் இனி ஒரு கல்லும் உடையாது என்று சத்தியம் செய்துகொண்டவர்கள் நாம் என்று சொல்லி அவரை உட்காரவைத்தேன். உண்மைதான், அப்படி ஒரு சத்தியம் உண்டு. அதனால் கல் அங்கேயே இருந்தது. மாதம்மாவுக்கு இடுப்பெலும்பு விட்டுப்போய் மூன்று வருடமாக மலை ஏறி நடக்க முடியவில்லை, அதனால் அவள் மலைக்கு வருவதும் நின்றுபோனது. அவள் வராததால் ஒரு கேள்வி மேலே வரவில்லை. வண்டியின் தாழ்வு எனக்கு ஒரு கோட்டைச் சுவர் மாதிரி இருந்தது. இப்போது அவளை மேலே கூட்டிப்போக அந்தச் சுவரை ஸ்பானர் போட்டுக் கழற்றுகிறார்கள், ஒவ்வொரு போல்ட்டும் துருப்பிடித்து அலறிக்கொண்டே வெளியே வருகிறது.

என்ன கேள்வி. அது சின்னக் கேள்வி, அனுமந்தன் பெயரை வாசிப்பதா வேண்டாமா என்பது. நினைவுக்கல்லின் முன்னால் பெயர் வாசிப்பது எங்கள் வழக்கம். வாசிக்கிறவர் ஊர், தகப்பன் பெயர், பெயர் என்ற வரிசையில் உரக்கச் சொல்வார். நின்றிருப்பவர்கள் எல்லோரும், இருக்கிறார் என்று பதில் சொல்வார்கள். செத்தவருக்குத்தான் அந்தப் பதில். உயிரோடு இருப்பவர் பெயரை அங்கே யாரும் வாசிப்பதில்லை. கேட்கிறவர்கள் கொஞ்சம் பேராவது வேண்டும், தனியாக நின்று வாசித்தால் அது வாசித்ததாகாது, அதையும் நான்தான் விதியாக வைத்தேன். வாசிப்பவன் நான்தான், அன்றிலிருந்து இன்றுவரை. பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்றவன், எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே ரயிலடியில் கையில் திணித்த துண்டறிக்கைகளில்தான், கூலி என்றால் என்ன, மூலதனம் என்றால் என்ன, சுரண்டல் என்றால் என்ன என்று கால்பக்கத் தாளில் அச்சு மை ஒட்ட ஒட்டப் படித்தேன், இன்றைக்கும் தடித்த புத்தகத்தைத் திறந்தால் எனக்குக் கொட்டாவி வரும், ஒரு துண்டறிக்கையைக் கொடுத்தால் ரத்தம் சூடாகும். அந்தப் பெயர்களை நான் பார்க்காமல் சொல்வேன். எல்லாப் பெயரும் முடிந்த பிறகு அனுமந்தன் பெயரை வாசிக்கமாட்டேன். அனுமந்தன் எங்கே என்று கேட்பேன். கூட்டம், பதில் சொல் என்று முழங்கும். உடலைக் கொடுக்காதவரை அவன் செத்தவன் இல்லை. செத்தான் என்று நாமே சொல்லிவிட்டால் அவனை ஏற்றியவன் இறங்கி வீட்டுக்குப் போய்விடுவான். இதுதான் என் நிலைப்பாடு. இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று எந்த மேடையிலும் எனக்கு யாரும் காட்டியதில்லை.

மாதம்மா காட்டவும் இல்லை, வாதாடவும் இல்லை. போன மாதம் என் வீட்டுக்கு ஆட்டோவில் வந்து, இறங்காமல் ஆட்டோவிலேயே உட்கார்ந்தபடி, இந்த வருசம் அவர் பேரையும் வாசிச்சுடுண்ணா என்றாள், உப்பு தீர்ந்துவிட்டது வாங்கிவா என்கிற குரலில். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். சட்டம், அரசியல், எதிரியின் தந்திரம். முழுவதையும் கேட்டாள். பிறகு, எங்கேன்னு நீ மலைமேல கேக்கறண்ணா, நான் வீட்டுல ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் கேக்கறேன், அவருக்கும் ஒரு தட்டு எச்சா வெக்கறதா வேண்டாமான்னு என்றாள். ஆட்டோக்காரன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். அவள் நெற்றியில் குங்குமம் இருந்தது, இத்தனை வருடமாக இருக்கிறது, ஒரு கூட்டத்தில் அதை நான் எங்கள் போராட்டத்தின் கொடி என்று பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன், கொடியைச் சுமப்பவளுக்குக் கை வலிக்குமா என்று அந்த மேடையில் கேள்வி எழவில்லை. எழ வேண்டிய அவசியமும் இல்லை. எல்லோருக்கும்தான் வலிக்கிறது. எனக்கு வலிக்கவில்லையா.

டமார் என்று ஏதோ விழுகிறது. பட்டைக்கட்டு. பின்பக்கம் இடது பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளை மொத்தமாகக் கழற்றித் தரையில் போட்டிருக்கிறார் அல்தாப் பாய், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளைந்த இரும்புப் பட்டைகள், பெரிய மீனின் விலா எலும்பு போல. எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் நீளப் பட்டை நடுவில் இரண்டாக முறிந்திருக்கிறது. முறிந்த இடத்தில் பாதி துரு, பாதி வெள்ளை. பாதி ரொம்ப நாளைக்கு முன்னாலேயே முறிந்து, மீதி சமீபத்தில் விட்டிருக்கிறது என்றார். வலது பக்கத்தைக் கழற்றினால் அது நன்றாக இருக்கிறது, வளைவுகூடப் போகவில்லை. தலைவரே, ஒரே ஆளு தினமும் இந்தப் பக்கமே ஏறி உக்காந்து வந்த மாதிரி இருக்குது, யாரு உங்க சங்கத்துல அவ்ளோ வெயிட்டு என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். ஜடையன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் யாரும் உட்கார்ந்ததே இல்லை.

யாரும் உட்காரக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. ஊர் ஊராக உண்டியல் குலுக்கி இந்த வண்டியைப் பழையதாக வாங்கிவந்த முதல் நாள், மாலை போட்டுப் படம் எடுக்கும்போது, நான் நடு வரிசையில் இடது பக்கத்துக் கதவைத் திறந்துவைத்து, இது அனுமந்தன் இடம், அவன் வரும்வரை இதில் யாரும் உட்காரமாட்டோம் என்று அறிவித்தேன். அன்றைக்கு நிறையப் பேர் அழுதார்கள். நெரிசலாக ஏழெட்டுப் பேர் நசுங்கிக்கொண்டு போகும்போதும் அந்த இடம் காலியாக வரும். ஆனால் வண்டியில் ஓர் இடம் காலியாக வந்தால் கை சும்மா இருக்காது. உட்காரத்தான் கூடாது, சாமான் வைக்கலாம் என்று ஆயிற்று. முதலில் கொடிகள். பிறகு ஒலிபெருக்கிப் பெட்டி. பிறகு பேட்டரி. பிறகு கட்டுக் கட்டாகத் துண்டறிக்கை. அச்சகத்திலிருந்து எடுத்து, கொடுத்து முடியாமல், அடுத்த வருடத்துக்கு ஆகும் என்று கீழே காலடியிலும் இருக்கைமேலும் அடுக்கி, அதன்மேல் அடுத்த வருடத்துக் கட்டு. எல்லாவற்றிலும் தலைப்பு ஒன்றுதான். அனுமந்தன் எங்கே. இரும்பை முறித்தது காகிதம். எடை என்பது எடைதான், அதில் அமானுஷ்யம் எதுவும் இல்லை. நான் பொருளை நம்புகிறவன். பேய் பிசாசு எல்லாம் முதலாளிகளும் பூசாரிகளும் சேர்ந்து கட்டிய கதை என்று நாலு பக்கத்தில் எழுதியிருக்கிறேன், அதில் மூன்று பதிப்பு போயிற்று. காலையில் கட்டுகளை எல்லாம் இறக்கிப் புளியமரத்தடியில் அடுக்கினோம். இறக்கிய பிறகு இருக்கையைப் பார்த்தேன். ரெக்சினில் பள்ளம். கட்டுகள் சதுரம், பெட்டி சதுரம், பேட்டரி சதுரம். பள்ளம் மட்டும் சதுரமாக இல்லை. ஓர் ஆள் சாய்ந்து உட்கார்ந்து எழுந்துபோன மாதிரி, தொடைக்கு இரண்டு வழித்தடம், முதுகுக்கு ஒரு குழிவு. ஸ்பஞ்சு அப்படித்தான் அமுங்கும். பழைய ஸ்பஞ்சு எப்படி வேண்டுமானாலும் அமுங்கும். கதவைச் சாத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

வெள்ளை வண்டி. அதையும் நினைக்காமல் விடமாட்டேன் போலிருக்கிறது. அன்றைக்கு இந்த ஜில்லாவில் ஓடியதில் பாதி வெள்ளைச் சுமோதான். அனுமந்தனை ஏற்றியதும் வெள்ளை, நாங்கள் வாங்கியதும் வெள்ளை. வாங்கும்போது யாருக்கும் தோன்றவில்லை, எனக்குத் தோன்றியது, தோன்றியதை நசுக்கிவிட்டேன். அன்றைக்குப் பார்த்த ஒரே சாட்சி சந்தை ரோட்டில் வேர்க்கடலை விற்ற ராஜம்மா. அவள் எத்தனை முறை சொன்னாலும் ஒன்றையே சொன்னாள். வண்டி வந்து நின்றது. இடது பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறந்தது. அனுமந்தன் குனிந்து யாரிடமோ ஏதோ கேட்டான். உள்ளே உட்கார்ந்திருந்தவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். அனுமந்தன் ஏறிக்கொண்டான். அடிக்கவில்லை, இழுக்கவில்லை. தானாக ஏறியவன் எப்படிக் கடத்தப்பட்டவன் ஆவான் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார், அதோடு அவள் சாட்சியம் போயிற்று. எனக்குப் போகவில்லை. தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். யார். தெரிந்தவரா. என்ன சொல்லி இடம் கொடுத்தார், வா அனுமந்தா என்றா, வாங்க தோழர் என்றா. தூக்கம் வராதபோது எனக்குக் கேட்பது அடியோ அலறலோ இல்லை, ரெக்சினில் ஒருவர் நகர்ந்து உட்காரும் சத்தம். இப்போதும் கேட்கிறது. இல்லை, அது அல்தாப் பாய் வண்டிக்கு அடியில் சாக்கைப் போட்டு நகர்கிற சத்தம்.

புதுப் பட்டைகள் ஏறிவிட்டன. கூடுதலாக ஒவ்வொரு பட்டை வைத்து, நீள யூ போல்ட் போட்டு இறுக்கியாயிற்று. முன்பக்கச் சுருளுக்கு மேலே வட்டக்கட்டை கொடுத்தாயிற்று. நான்கு பக்கமும் புது ஷாக் அப்சர்பர். சக்கரத்தைப் பூட்டித் தாங்கிகளை எடுத்து இறக்கியபோது வண்டி ஒருமுறை பெருமூச்சுவிட்டு நின்றது, இதுவரை குனிந்தே நடந்த ஒருவர் நிமிர்ந்தது மாதிரி, ஒத்துக்கொள்கிறேன், அழகாகத்தான் இருந்தது. அல்தாப் பாய் நூல் புடிச்ச மாதிரி நிக்குது பாருங்க என்று சொல்லிக்கொண்டே டேப்பை எடுத்துச் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை பிடித்தார். முன்னால் இரண்டும் சரி. பின்னால் வலது சரி. பின்னால் இடது ஒரு விரல் அகலம் தாழ்வு. திரும்பப் பிடித்தார். தாழ்வு. தரை சரியில்லை என்றார். ஜடையன் வண்டியை வெளியே எடுத்துத் திருப்பி, முன்பக்கம் பின்பக்கமாக நிறுத்தினான். அப்போதும் இடதுதான். அவர் வாய் கொஞ்சம் குறைந்தது. பட்டையில் ஏதோ ஒன்று சோடை என்று சொல்லி, மறுபடி தூக்கி, மறுபடி சக்கரம் கழற்றி, வலது பட்டைக்கட்டை இடதுக்கும் இடதை வலதுக்கும் மாற்றினார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இறக்கினார். டேப்பைப் பிடித்தார். இடது, அதே விரல் அகலம்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, ஆனால் நல்ல வெளிச்சம், ரோட்டில் தக்காளி லாரிகள் போய்க்கொண்டிருந்தன, எதிரே டீக்கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, பயப்படுவதற்கு எதுவும் இல்லாத ஒரு சாயங்காலம். அல்தாப் பாய் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். எழுந்து கண்ணாடியில் கையை மறைத்து உள்ளே பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, காலையில் இருந்த சிரிப்பு இல்லாத குரலில் கேட்டார். “தலைவரே, உள்ள யாராச்சும் உக்காந்திருக்காங்களா?”

யாரும் இல்லை என்றேன். ஜடையன் புளியமரத்தடியில் கட்டுகளின்மேல் உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டான். யாரும் இல்லை என்று நான் இன்னொரு முறை சொன்னேன், இரண்டாவது முறை சொன்னது யாருக்கு என்று தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கை தெரிந்தது. பள்ளத்தில் நிழல் விழுந்திருந்தது, நிழல் விழுந்தால் எந்தப் பள்ளமும் நிறைந்துதான் தெரியும். இது இறுக்கத்தில் வந்த கோளாறு. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொள்ளும், வண்டி ஓடினால் தானே படிந்துவிடும். நான் இதைச் சொல்வதற்கு முன் அவரே சொன்னார், ஓடினா படிஞ்சுடும் என்று. அப்படியென்றால் ஓட்டிப் பார்க்கலாமே என்றேன். பார்க்கலாம் என்றார். ஆனால் யாரும் வண்டிக்குப் பக்கத்தில் போகவில்லை. ஒரு பொருளாதாரக் காரணம், ஒரு பௌதிகக் காரணம், ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு, காரணம் இல்லாமல் ஒரு விரல் அகலம்கூட எதுவும் தாழாது, இதைத்தான் நான் வாழ்நாள் முழுக்கச் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன், ஆனால் நாற்காலியைவிட்டு எழவில்லை. காலியாக இருக்கிறது என்று நாங்கள் சொல்லிக்கொண்ட இடத்தில் இத்தனை வருடமும் அவன் வந்துகொண்டிருந்திருந்தால். ஒவ்வொரு மலைப்பயணத்திலும், மடியில் கட்டுக் கட்டாகக் காகிதத்தை ஏற்றிக்கொண்டு, தான் எங்கே என்று கேட்கும் காகிதத்தையே சுமந்துகொண்டு. ஆமைக்கல்லில் நாங்கள் எல்லோரும் இறங்கி நடக்கும்போது அவன் மட்டும் இறங்காமல். என்னை எங்கே என்று கேட்காதே, இதோ என்று சொல்லிச் சொல்லி. சேச்சே. வயதாகிவிட்டது எனக்கு. காலையில் சாப்பிடவில்லை.

மாதம்மாவின் ஆட்டோ அப்போதுதான் வந்தது. வண்டி சரியாகிவிட்டதா, ஏற முடிகிறதா என்று ஒருதரம் ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்று அவள் ஜடையனிடம் சொல்லிவைத்திருக்கிறாள், அவன் என்னிடம் சொல்லவில்லை. ஊன்றுகோலை முன்னால் வைத்து, இடுப்பைத் தூக்கித் தூக்கி வந்தாள். வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். ஒசரமாத்தான் இருக்குது என்றாள். அல்தாப் பாய் முன்கதவைத் திறந்துவிட்டு, முன்னாடி உக்காருங்கம்மா, கால் நீட்ட வசதி என்றார். நானும் அதையே சொன்னேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் கடந்துபோய் இடது பின்கதவின் பிடியைப் பிடித்தாள். அந்தக் கதவு இறுக்கம், உதைத்தால்தான் திறக்கும், எங்களுக்கெல்லாம் தெரியும். உள்ளேயிருந்து யாரோ தள்ளிக் கொடுத்த மாதிரி திறந்தது. மாதம்மா, அது அனுமந்தனுக்கு விட்டுவெச்ச எடம் என்று ஜடையன் மெதுவாக ஆரம்பித்தான், அவள் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அல்தாப் பாய் ஒரு பழைய டயரை உருட்டிவந்து படியாகப் போட்டார். அவள் டயர்மேல் ஒரு காலை வைத்து, கூரைக் கைப்பிடியைப் பற்றி, ஒரு முனகலோடு ஏறி, குனிந்து உள்ளே பார்த்து, கொஞ்சம் நின்றாள். யாரோ நகர்வதற்குக் காத்திருப்பது போல. பிறகு உட்கார்ந்தாள்.

வண்டி தாழவில்லை. ஓர் ஆள் ஏறினால் எந்த வண்டியும் அந்தப் பக்கம் கொஞ்சம் தாழும், புதுப் பட்டையாக இருந்தாலும் தாழும். இது தாழவில்லை. எழும்பியது. மெதுவாக, பாரம் இறங்கிய ஒரு தோள் எழும்புவது போல. நான் பார்த்தேன். அல்தாப் பாய் பார்த்தார். அவர் கை தன்னால் டேப்பை இழுத்துச் சக்கரத்தின் நடுவில் வைத்தது. பிடித்தார், வலது பக்கம் போய்ப் பிடித்தார், திரும்ப வந்து பிடித்தார். நான்கும் ஒன்று. புஷ் படிஞ்சிடுச்சு என்று சொன்னார். தனக்குச் சொல்லிக்கொண்டார். ஆமாம், புஷ்தான், அவள் ஏறிய அதிர்ச்சியில் முறுக்கு விட்டிருக்கும், அதுதான் காரணம், காரணம் இருக்கிறது.

அவள் பக்கத்து இருக்கையை உள்ளங்கையால் ஒருதரம் தடவினாள். அழவில்லை. எனக்கு ராஜம்மாவின் சாட்சியம் காதில் கேட்டது, தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். இத்தனை வருடமும் அந்த வாக்கியத்தை நான் ஒரு பக்கமிருந்துதான் கேட்டிருக்கிறேன்.

“எடம் விட்டுட்டாருண்ணா,” என்றாள் மாதம்மா.

நான் பேச வாயெடுத்தேன். என்ன பேசியிருப்பேன். உடலைக் கொடுக்காதவரை. எதிரி இதை எப்படிப் பயன்படுத்துவான் என்றால். அந்த வாக்கியங்கள் எல்லாம் புளியமரத்தடியில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. எடை குறைந்த மாதிரி இருந்தது எனக்கும், அது பிடிக்கவில்லை, இத்தனை வருடம் என்னை நிமிர்த்தி வைத்திருந்தது அந்த எடைதான், கேள்வியை எடுத்துவிட்டால் நான் யார், மலைமேல் ஒரு கிழவன், அவ்வளவுதான். நாளைக்கு வண்டி ஆமைக்கல்லைத் தேய்க்காமல் தாண்டிப் போய்விடும். அவள் அங்கே இருப்பாள். நான் எல்லாப் பெயரும் வாசித்துவிட்டு, பழக்கத்தில், எங்கே என்று கேட்டுவிடுவேன். வாய்க்கு அதுதான் தெரியும். அவளுக்கும் அது தெரிந்திருக்கிறது.

“நாளைக்கு மேல போனா நீ மறுபடியும் எங்கேன்னுதான் கேப்ப. இப்பவே வாசி. இவங்கல்லாம் கேக்கறாங்க இல்ல, போதும்.”

அல்தாப் பாய்க்கு எங்கள் வழக்கம் தெரியாது. ஆனால் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார், கையைத் துணியில் துடைத்தார். ஆட்டோக்காரன் இறங்கி நின்றான். பஞ்சருக்காகக் காத்திருந்த லாரி டிரைவர் என்ன ஏது என்று தெரியாமல் வாயிலிருந்த பீடியை எடுத்துவிட்டார். டீக்கடைக்காரம்மா ரேடியோவைக் குறைத்தாள், அல்லது பாட்டே முடிந்திருக்கலாம். ஜடையன் வந்து என் பக்கத்தில் நின்றான், நினைவுக்கல்லின் முன்னால் நிற்பது போலக் கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, பதில் சொல்லத் தயாராக. கேட்பதற்குக் கொஞ்சம் பேராவது வேண்டும் என்று விதி வைத்தவன் நான். விதிக்குக் குறைவில்லாமல் இருந்தார்கள்.

திறந்த கதவுக்குள் அவள் எதிரே பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், நடுவில், இருக்கையின் ரெக்சின் லேசாகச் சுருங்கியிருந்தது, ஒருவர் தள்ளி உட்கார்ந்தால் சுருங்குவது போல. நான் பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். நாற்காலியைப் பிடித்து எழுந்தேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். மேடைக் குரல் வந்தது, அது எப்போதும் என்னைவிட்டதில்லை. ஊர், தகப்பன், பெயர். அந்த வரிசையில்தான், ரோட்டுக்கு அப்பாலும் கேட்கும்படி:

“சாலமேடு. கல்லுடைக்கும் குப்பன் மகன். தோழர் அனுமந்தன்.”